ஏவுதல் வந்தும் பேசாமல் இறங்கிவிட்டால் பாவமா?

கேள்வி: ஐயா, எனக்கு 28 வயது. தேவகோட்டையில் இருந்து காரைக்குடிக்குத் தினமும் பஸ்ஸில் போய் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். போன வருஷத்தில் இருந்து ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். அதற்கப்புறம் பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் "இவரிடம் இயேசுவைப் பற்றிச் சொல்" என்று உள்ளே ஏவுதல் வருகிறது. வாய் வரைக்கும் வந்து பயத்தில் பேசாமல் இறங்கிவிடுகிறேன். அன்று ராத்திரி தூக்கம் இல்லை. "நீ சொல்லாமல் விட்டவனுடைய ரத்தப்பழி உன் கையில் கேட்கப்படும்" என்று கூட்டத்தில் சொல்கிறார்கள். போன மாதம் தைரியம் வந்து பக்கத்தில் இருந்த ஓர் ஆச்சியிடம் "இயேசு உங்களை நேசிக்கிறார், அவரை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். அவர் மடியில் ஒரு ஸ்கேன் கவர் வைத்திருந்தார். "நாங்க எங்க சாமியைக் கும்பிடுறோம் ஆத்தா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை செய்யும் இடத்திலும் ஊசி போடும்போது இதே ஏவுதல் வருகிறது. ஒருநாள் பேசாமல் இறங்கிய பிறகு மனசு கேட்காமல் ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போய் அந்த ஆளைத் தேடினேன். சொல்லாமல் விட்டால் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் நினைப்பு வருகிறது. "இதெல்லாம் வேண்டாம், நிறுத்து" என்கிறார் என் கணவர். இது ஆவியானவரா, என் மனசா? நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு சகோதரி, தேவகோட்டை

பதில்:

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் பேசாமல் பஸ்ஸை விட்டு இறங்கியதால் எந்த ஆத்துமாவும் அழிந்துபோகவில்லை. அந்தப் பழி உங்கள் தலையில் இல்லை. உங்கள் பிள்ளைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு போதகனாக இதை நான் பொறுப்போடுதான் சொல்கிறேன்.

உங்கள் கூட்டத்தில் காட்டுகிற வசனம் எசேக்கியேல் 3:18. அதை மட்டும் தனியாகப் பிடுங்கி எடுத்து வாசித்தால் யாருக்கும் தூக்கம் வராது. கொஞ்சம் மேலே போய் வாசித்துப் பாருங்கள். "உன்னை இஸ்ரவேல் வம்சத்தாருக்குக் காவலாளனாக வைத்தேன்" என்று கர்த்தர் சொல்வது எசேக்கியேல் என்ற ஒரு தீர்க்கதரிசியிடம், அவருடைய சொந்த ஜனத்தைப் பற்றி. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டு, கேபார் நதியண்டை குடியிருந்த ஜனம் அது. அவர்களிடம் போனதும் அவர் பிரசங்கத்தை ஆரம்பிக்கவில்லை. ஏழு நாள் அவர்கள் நடுவில் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தார் என்று 15ஆம் வசனம் சொல்கிறது. அந்த ஏழு நாள் முடிந்த பிறகுதான் காவலாளன் என்ற வார்த்தையே வருகிறது. பவுலும் "எல்லாருடைய இரத்தப்பழிக்கும் நீங்கி நான் சுத்தமாயிருக்கிறேன்" என்று ஓரிடத்தில் சொல்கிறார், அப்போஸ்தலர் 20இல், உண்மைதான். யாரிடம் சொல்கிறார்? எபேசு சபையின் மூப்பர்களிடம். மூன்று வருஷம் இரவும் பகலும் கண்ணீரோடு கூடவே இருந்து புத்தி சொன்ன ஜனங்களைப் பற்றி. அரை மணி நேரம் பக்கத்து சீட்டில் இருந்துவிட்டு ரஸ்தாவில் இறங்கிப் போகிற ஒருவரைப் பற்றி அல்ல. கூடவே வாழ்ந்தவர்களுக்குச் சொன்னதை எடுத்து, முகம் தெரியாதவர்கள் எல்லோருக்கும் பொதுவாக்கி, அதை ஒரு இளம் பெண்ணின் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கவிடுவது தப்பு. யார் செய்தாலும் தப்புதான்.

இதனால் ஏவுதல் என்று ஒன்றே கிடையாது, எல்லாம் மனப்பிராந்தி என்று நான் சொல்ல வரவில்லை. ஆவியானவர் ஒருவரை இன்னொருவரிடம் அனுப்புவது உண்டு, நான் அதை முழு மனசோடு நம்புகிறேன். அவர் எப்படி அனுப்புகிறார் என்பதைத்தான் நாம் சரியாகக் கவனிப்பது இல்லை.

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஆளிடம் ஆவியானவர் ஒருவரை அனுப்பிய கதைகளில் அதைவிடத் தெளிவானது வேதத்தில் இல்லை. எருசலேமில் இருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழி. எத்தியோப்பிய மந்திரி ஒருவர் இரதத்தில் போய்க்கொண்டிருக்கிறார். பிலிப்புவுக்கு ஆவியானவர் சொன்னது என்ன? "நீ போய், இந்த இரதத்துடனே சேர்ந்துகொள்." அவ்வளவுதான். போய் இன்னதைப் பேசு என்று ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. பிலிப்பு ஓடிப்போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் முதலில் நடந்தது, காது கேட்டது. அந்த மனிதர் ஏசாயாவின் புத்தகத்தை வாசிக்கிறது அவர் காதில் விழுந்தது. அடுத்தது ஒரு கேள்வி: "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" அந்த மனிதர் "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படி?" என்று சொல்லி, ஏறி வந்து பக்கத்தில் உட்காரும்படி அவரே வேண்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் பிலிப்பு பேசத் தொடங்குகிறார். அதுவும் தான் தயார் பண்ணி வைத்திருந்த இடத்தில் இருந்து இல்லை, அவர் எந்த வசனத்தில் நின்று குழம்பினாரோ அங்கே இருந்து.

பார்த்தீர்களா, இயேசுவின் பெயர் அந்தக் கதையில் எத்தனையாவது படியில் வருகிறது! பக்கத்தில் போவது, கேட்பது, விசாரிப்பது, அவர் கூப்பிட்டால் ஏறி உட்காருவது, இவ்வளவும் முடிந்த பிறகு. இந்த வரிசையை விட்டுவிட்டு, ஏவுதல் வந்த உடனே வாயைத் திறந்துவிட வேண்டும் என்று நமக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். "இவரிடம் சொல்" என்று உங்களுக்குள் கேட்கிறதே, அதில் பாதிக்கு மேல் "இவரைப் பார்" என்பதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அந்த ஆளைக் கொஞ்சம் கவனி, அவர் எப்படி இருக்கிறார் பார், ஒரு வார்த்தை விசாரி. இதைச் செய்துவிட்டாலே உங்களை அனுப்பிய வேலை முடிந்திருக்கலாம். அதற்கு மேல் போக வேண்டுமா என்பதை எதிரில் இருப்பவர் காட்டுவார்.

இப்போது அந்த ஆச்சியிடம் வருவோம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மடியில் ஸ்கேன் கவர் இருந்தது என்று. அதாவது உங்கள் கண்ணில் அது பட்டிருக்கிறது, மனசிலும் நின்றிருக்கிறது. தேவகோட்டையில் இருந்து காலை பஸ்ஸில், ஒரு வயசான மனுஷி, பெரிய பழுப்புக் கவரை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காரைக்குடிக்குப் போகிறார் என்றால் எதற்குப் போவார்? டாக்டரிடம் காட்டத்தான். அது அவருடையதா, வீட்டில் படுத்திருக்கிற கணவருடையதா, பேரனுடையதா என்று நமக்குத் தெரியாது. "யாருக்கு ஆச்சி உடம்பு முடியலை?" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதுவும் நீங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர்! எந்த ரிப்போர்ட்டை எங்கே வாங்க வேண்டும், வெறும் வயிற்றில் வர வேண்டுமா, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று அந்த ஆச்சிக்கு உங்களைவிட உபயோகமான ஆள் அன்று அந்தப் பஸ்ஸிலேயே இருந்திருக்க மாட்டார். ஆவியானவர் உங்களை ஏன் அந்த சீட்டுக்கு அனுப்பினார் என்று யோசித்தால் எனக்கு இதுதான் தோன்றுகிறது.

அவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்பதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பது செட்டிநாடு. நகரத்தார் வீட்டில் கோயில் என்பது வெள்ளிக்கிழமை போய்க் கும்பிட்டுவிட்டு வருகிற இடம் மட்டும் இல்லை. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒருவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதை வைத்துத்தான் யார் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம், கொடுக்கலாம் என்பதெல்லாம். கல்யாணத்துக்குக் கோயிலில் இருந்து மாலை வர வேண்டும். அப்படி வாழ்ந்த ஓர் எழுபது வயது ஆச்சியிடம், பெயர்கூடக் கேட்காத ஒரு பெண் "அவரை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றால் அவர் காதில் என்ன விழும்? உன் பங்காளிகளை விடு, உன் வீட்டு நல்லது கெட்டதை விடு, உன் வீட்டுச் சாமி படத்துக்கு விளக்கேற்றுவதை விடு என்றுதான் விழும். நீங்கள் சொல்ல வந்தது அது இல்லை. நேசத்தைத்தான் சொல்ல வந்தீர்கள். ஆனால் நேசம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் கோபப்படக்கூட இல்லை, பாருங்கள், "ஆத்தா" என்று கூப்பிட்டுத்தான் மறுத்திருக்கிறார். அவரை மறுபடியும் பஸ்ஸில் பார்த்தால் மன்னிப்புக் கேட்டு ஒரு பெரிய பேச்சு எடுக்க வேண்டாம். "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே ஆச்சி, இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரியுங்கள், போதும். நீங்களாக இயேசுவின் பெயரை எடுக்கவே வேண்டாம். அவராகவே ஒருநாள் "நீ வேதக்காரப் பிள்ளையா?" என்று கேட்டால் அப்போது சொல்லுங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்குள் யார் வந்தாலும், வளவில் இருக்கிற பெரியவர் சின்னவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்பார்கள். ஒருவர் சொல்லிவிட்டார் என்று மற்றவர் சும்மா இருப்பது மரியாதைக் குறைவு. வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்த பிறகுதான் என்ன விஷயம் என்ற பேச்சே. இந்த மண்ணில் சுவிசேஷம் சொல்ல நினைக்கிற யாருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பேன். ஆண்டவரும் சமாரிய ஸ்திரீயிடம் அப்படித்தான் ஆரம்பித்தார், யோவான் 4இல். அவர் எதையும் கொடுக்கவில்லை, கேட்டார், "தாகத்துக்குத் தா" என்று. நம் ஆட்களுக்குக் கொடுக்கத் தெரியும், வாங்கிக்கொள்ளத் தெரிவது இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி கொடுக்கிற சீடையை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்கிற பெண்ணிடம்தான் அந்த ஆச்சி பின்னால் தன் மனக்குறையைச் சொல்வார்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்கலாமா என்று சிலர் என்னைக் கேட்பது உண்டு. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் தண்ணீரோடு சுவிசேஷக் கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், பாட்டிலில் வசனம் ஒட்டாதீர்கள். காலில் கொப்புளத்தோடு நடந்து வருகிறவருக்குத் தாகம், அதற்குத் தண்ணீர். அதோடு இன்னொன்றைச் சேர்த்தால் தண்ணீருக்கே மரியாதை போய்விடும். பிள்ளையார்பட்டி வாசலிலும் கொப்புடையம்மன் திருவிழாக் கூட்டத்திலும் கைப்பிரதி கொடுக்க ஏவுதல் வந்தது என்று யாராவது சொன்னால், அது ஆவியானவர் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். அவர்கள் கும்பிட வந்த இடம் அது. எபேசுவில் பவுலின் கூட்டாளிகளைப் பிடித்துப் பெரிய கலகம் ஆனபோது, அந்த ஊர்ச் சம்பிரதியே எழுந்து "இவர்கள் கோவிற் கொள்ளைக்காரரும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களும் அல்ல" என்று சாட்சி சொன்னான், அப்போஸ்தலர் 19:37. எபேசுவில் அத்தனை காலம் சுவிசேஷம் சொன்னவர்களைப் பற்றி ஊர் அதிகாரி இப்படிச் சொல்ல முடிந்தது என்றால், அவர்கள் யாருடைய சாமியையும் திட்டவில்லை என்று அர்த்தம். நம்மைப் பற்றியும் ஊர்க்காரர்கள் இதைச் சொல்ல முடிய வேண்டும்.

வேலை செய்கிற இடத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை: ஊசி போடும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச வேண்டாம். கையை நீட்டி வைத்திருக்கிறார், மேலே ரப்பர் பட்டை கட்டியிருக்கிறீர்கள், ஊசி உங்கள் கையில். அவரால் எழுந்து போக முடியாது, "வேண்டாம்மா" என்று சொல்லக்கூடப் பயமாக இருக்கும், எங்கே ஊசியை அழுத்திக் குத்திவிடுவாரோ என்று. எழுந்து போக முடியாதவரிடம் சொல்வது அறிவிப்பு ஆகாது, அது நெருக்குதல். அந்த மந்திரி நினைத்திருந்தால் இரதத்தை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம், பிலிப்புவால் தடுத்திருக்க முடியாது. அந்தச் சுதந்திரம் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. ரிசல்ட் என்ன வருமோ என்ற பயத்தில் இருப்பவரிடம் "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்பதுகூட அந்த இடத்தில் சரியாகாது, முடியாது என்று சொல்ல அவருக்கு வழி இல்லாததால்.

சரி, அப்போது ஏவுதல் வந்தால் என்ன செய்வது? நன்றாக நரம்பைப் பார்த்து, ஒரே குத்தில் எடுங்கள். கை நடுங்கினால் "மெதுவா மூச்சு விடுங்க, முடிஞ்சிடுச்சு" என்று சொல்லுங்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லும்போது மனசுக்குள் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், ட்யூபில் ஒட்டுகிற சீட்டில் பெயர் இருக்கிறதே. அது குறைந்த ஊழியம் என்று நினைக்க வேண்டாம். திருப்புத்தூரில் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். கிறிஸ்தவம் நம் பகுதியில் எத்தனையோ வீடுகளுக்கு முதலில் தெரிய வந்தது இந்த மாதிரி ஆஸ்பத்திரிகளில் காயம் கழுவிக் கட்டின கைகளால்தான்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் கணவரின் பயத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு ஒரு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. அந்தப் பரப்பும் உரிமை என்பது அடுத்தவரை மதம் மாற்றுகிற உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. உங்கள் விசுவாசத்தைச் சொல்வது குற்றம் இல்லை. பயமுறுத்துவது, ஆசை காட்டுவது, அடுத்தவர் சாமியை இழிவாகப் பேசுவது ஆகியவைதான் பிரச்சினை. இவை மூன்றும் சட்டத்துக்கு முன்னாலேயே சுவிசேஷத்துக்கு விரோதமானவை.

அப்புறம் உங்கள் முக்கியமான கேள்வி, இது அவரா, என் மனசா என்பது. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. சிறுபிள்ளை சாமுவேல் கர்த்தர் கூப்பிட்டதை ஏலி கூப்பிட்டதாக நினைத்து மூன்று தடவை எழுந்து ஓடினான். கர்த்தர் கோபிக்கவில்லை, மறுபடியும் கூப்பிட்டார். தமஸ்குவில் அனனியாவிடம் "சவுல் என்பவனைத் தேடிப் போ" என்று ஆண்டவரே தரிசனத்தில் சொன்னபோது, அந்த ஆளைப் பற்றி நான் கேள்விப்பட்டது வேறு ஆண்டவரே என்று அவர் எதிர்த்துப் பேசினார். அதற்கும் தண்டனை இல்லை, பதில் கிடைத்தது. இன்னொன்று, பலர் கவனிக்காதது: அப்போஸ்தலர் 16இல் பவுல் ஆசியாவிலே வசனத்தைச் சொல்லாதபடிக்குப் பரிசுத்த ஆவியானவரே தடை பண்ணினார் என்று எழுதியிருக்கிறது. சொல் என்று ஏவுகிறவர் சொல்லாதே என்றும் ஏவுவார். உங்கள் கூட்டத்தில் இந்த இரண்டாவதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறார்களா?

நான் வைத்திருக்கிற அளவுகோல் ரொம்ப எளிது. ஏவுதல் வந்த நேரத்தில் உங்கள் கவனம் யார் மேல் இருக்கிறது என்று பாருங்கள். எதிரில் இருப்பவர் மேல் இருந்தால், அவர் முகம், அவர் களைப்பு, அவர் பை கனமாக இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், அதில் ஆண்டவருடைய கை இருக்கக்கூடும், ஓர் அடி எடுத்து வைக்கலாம். கவனம் முழுக்க உங்கள் மேலேயே இருந்தால், அதாவது நெஞ்சு அடித்துக்கொள்கிறது, சொல்லிவிட்டால் நிம்மதி, சொல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகுமோ என்று ஓடினால், அங்கே அந்த ஆள் உங்களுக்கு ஆளாகவே தெரியவில்லை, உங்கள் பாரத்தை இறக்கி வைக்கிற இடமாகத் தெரிகிறார். ஆச்சியிடம் சொல்லி முடித்ததும் உங்களுக்குள் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாரம் இறங்கியது உங்களுக்கு, அவர் கவர் அவர் மடியிலேயே இருந்தது.

கேட்டால் சொல்வதற்கு மட்டும் எப்போதும் தயாராக இருங்கள். 1 பேதுரு 3:15 அதைத்தான் சொல்கிறது, நம் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல. இந்தப் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டிக் கொல்லப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியாரை, கத்தோலிக்கச் சபையார் 1947இல் புனிதராக அறிவித்தார்கள், உங்கள் ஊர்ப் பெரிய பள்ளிக்கூடத்தின் பெயரே அவர் பெயர்தான். அவர் சாவுக்குக் காரணமான கதை மறவர் நாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவரிடம் தொடங்குகிறது. நோயில் கிடந்த தடியத்தேவர் தாமே ஆள் அனுப்பிக் கேட்டார். அருளானந்தர் முதலில் தம் உபதேசியாரை அனுப்பினார், அவர் போய் நோயாளிக்குப் பக்கத்தில் சுவிசேஷம் வாசித்தார். உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த மனிதர் அவர், ஆனாலும் கேட்டவரிடம்தான் போனார்.

யாராவது அப்படி உங்களைக் கேட்டால், இரட்சிப்பு, அபிஷேகம், விடுதலை என்ற நம் சபைப் பேச்சு எதுவும் வேண்டாம், வெளியில் இருப்பவருக்கு அது ஒட்டாது. "நான் இயேசுவைக் கும்பிடுறேன். எனக்கு இன்ன கஷ்டம் வந்தப்ப அவர்கிட்டதான் போனேன், இப்படி இருந்தது" என்று உங்களுக்கு நடந்ததை இரண்டு நிமிஷத்தில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் மேலே கேட்டால் பேசுங்கள், பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றுங்கள். தன் துக்கத்தைச் சொல்லி அழுகிற ஒருவரிடம் "உங்களுக்காக நான் ஜெபம் பண்ணலாமா? வேண்டாம்னாலும் பரவாயில்லை" என்று ஒரு தடவை கேட்கலாம், இரண்டாம் தடவை வேண்டாம். தனியாகப் பயணம் செய்யும்போது தெரியாத ஆண்களிடம் போன் நம்பர் கொடுக்காதீர்கள், எந்த ஏவுதலும் அதைக் கேட்காது. நட்டவர் ஒருவர், தண்ணீர் பாய்ச்சினவர் ஒருவர், விளையச் செய்கிறவர் தேவன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாரே, விதைப்பதும் அறுப்பதும் எல்லாமே தேவகோட்டை பஸ்ஸில் உங்கள் ஒருவர் கையாலேயே நடக்க வேண்டும் என்று இல்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த இடம் ஆச்சி இல்லை. ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போய்த் தேடினீர்களே, அதுவும், சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைப்பு வருகிறதே, அதுவும்தான். "இதைச் செய், இல்லாவிட்டால் உன் பிள்ளை" என்று மிரட்டுவது நம் ஆண்டவருடைய குரல் கிடையாது. ரோமர் 8:15 "திரும்பவும் பயப்படுகிறதற்கு அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், அப்பா பிதாவே என்று கூப்பிடப்பண்ணுகிற" ஆவியைப் பெற்றீர்கள் என்கிறது. அப்படியானால் இந்தப் பயம் எங்கே இருந்து வருகிறது? பிசாசு என்று கூட்டத்தில் சொல்வார்கள், உபவாசம் இரு என்பார்கள், நீங்களும் இருப்பீர்கள், இன்னும் மோசமாகும். ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அதற்காக ஒரு செயலைச் செய்தால்தான் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் அதே நினைப்பு என்று சுற்றுவதற்கு மருத்துவத்தில் ஓசிடி என்று பெயர். சிலருக்கு அது கை கழுவுவதில் வரும், சிலருக்குப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில் வரும், பக்தி உள்ளவர்களுக்குப் பாவம், பழி, ஜெபம், சாட்சி என்ற உருவத்தில் வரும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்ல முடியாது, நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம் என்று சொல்ல முடியும். இது விசுவாசக் குறைவும் இல்லை, பைத்தியமும் இல்லை. மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் உண்டு, நல்ல பலன் தருகிறது.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற எண்ணுக்கு அடியுங்கள், அது அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

டாக்டரைப் பார்க்கும் வரை ஒரு கட்டுப்பாடு வைக்கிறேன், போதகனாக, உங்கள் நன்மைக்காக: பஸ்ஸில் நீங்களாக யாரிடமும் இயேசுவைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். ஏவுதல் வந்தால் "ஆண்டவரே, இவரை உம் கையில் விடுகிறேன்" என்று ஒரு தடவை சொல்லுங்கள், ஒரே தடவை. நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடிக்கட்டும். திரும்பிப் போய்த் தேடாதீர்கள், வீட்டுக்குப் போய் விடிய விடிய அதற்காக ஜெபமும் பண்ணாதீர்கள், படுத்துத் தூங்குங்கள். இதில் கீழ்ப்படியாமை ஏதாவது இருந்தால் அது உங்கள் கணக்கில் வராது, சொன்ன என் கணக்கில் வரட்டும். ஜெபக்கூட்டத்துக்கும் கொஞ்ச நாள் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் கணவரோடு போங்கள்.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நிறுத்து" என்று அவர் சொன்னதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிற மனைவியைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர் அவர்தான். இந்தக் கடிதத்தையும் என் பதிலையும் அவரிடம் காட்டுங்கள், பிள்ளையைப் பற்றி வருகிற அந்த நினைப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிவகங்கைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய் வந்த பிறகு டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அதற்கப்புறம் மறுபடியும் யாரிடம் எப்படிப் பேசலாம் என்பதை நாம் சேர்ந்து யோசிப்போம்.